அடுப்பு கழுவியாயிற்று

ஒரு நாளைக்கு மூன்று வரி எழுதுவேன். அதற்கு மேல் போனால் கதை விட ஆரம்பித்துவிடுவேன் என்று நானே வைத்துக்கொண்ட அளவு அது. தமிழ்த் தேதி, கிழமை, வானம் எப்படி இருந்தது, அன்று நடந்த ஒன்றிரண்டு காரியம். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்று, போன சித்திரையில் என் மனைவியின் அரிசி ஆலைக்கு வந்து உட்கார்ந்தேன். மாமனார் இறந்தபின் ஆலையை நடத்துவது அவள்தான். எனக்குக் கிடைத்த பொறுப்பு பாய்லர் அறை. வீட்டோடு மாப்பிள்ளை கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் மில்லோடு மாப்பிள்ளை, அதுவும் அறுபது வயதுக்கு மேல்.

ஆலை திருவாரூருக்குக் கிழக்கே, நாகப்பட்டினம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. புழுங்கல் அரிசி ஆலை. நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்தி அரைக்கிறோம். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு அடியில் கல் கட்டிய ஓர் அறை. அதுதான் அடுப்பு. எரிப்பது எங்கள் நெல்லிலிருந்தே வரும் உமி. அடுப்பின் உள்சுவரும் அதன் மேல் வளைவும் தீச்செங்கல்லால் ஆனவை. கடையில் ஃபயர் பிரிக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். வளைவில் ஒரு கல் விழுந்தால் பக்கத்துக் கல் தளரும். நாலைந்து விழுந்தால் அடுப்பை அணைத்தே ஆகவேண்டும். அணைத்தால் நீராவி இல்லை. நீராவி இல்லாவிட்டால் தொட்டியில் ஊறும் நெல் இரண்டாம் நாளே நாற ஆரம்பிக்கும்.

தீச்செங்கல்லை எண் சொல்லித்தான் விற்கிறார்கள். நாற்பது, அறுபது, எழுபது, எண்பது. கல்லில் நூற்றுக்கு எத்தனை பங்கு அலுமினா இருக்கிறது என்பதே அந்த எண். எண் ஏற ஏறக் கல் தாங்கும் வெப்பம் ஏறும். விலையும் ஏறும். மாமனார் கட்டிய வளைவு ஒன்பது வருடம் நின்று இந்த ஆனியில் விழுந்தது. வயதாகிவிட்டது என்று நினைத்து அறுபது போட்டேன். அது ஆவணியில் விழுந்தது. எழுபது போட்டேன். புரட்டாசியில், குறுவை நெல் வந்து குவிகிற நேரத்தில், ஒரு காலை பாய்லர்காரர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சார், வளைவு உக்காந்துருச்சு."

"எத்தனை கல்லு?"

"எண்ணுற மாதிரி இல்லைங்க. கதவைத் தொறந்து மேல பாத்தா பாய்லர் அடிவயிறு தெரியுது."

அவர் பக்கத்து ஊர்க்காரர். தகப்பனார் காலம்வரை பிறர் வயலில் நடவும் அறுப்புமாக இருந்த குடும்பம். இவர் பாய்லர் தேர்வு எழுதித் தேறி, சான்றிதழுக்குச் சட்டம் போட்டுப் பாய்லர் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். மாமனார் காலத்திலிருந்து எங்களிடம் இருக்கிறார். அவர் மகள், வீட்டில் இருந்துகொண்டே பஸ்ஸில் போய்ப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

என் மனைவி களத்திலிருந்து நேராக வந்தாள். பின்னாலேயே மூட்டை தூக்குகிறவர்களும் வந்துவிட்டார்கள். பாய்லர் கம்பெனியிலிருந்து ஆவணியில் வந்து பார்த்த இன்ஜினியர், அளவுக்கு மீறித் தீ போட்டால்தான் இப்படி ஆகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது அவள் மனதில் அப்படியே இருந்தது.

"நாலு மாசத்துல மூணு தடவை. அப்பா கட்டுன வளைவு ஒன்பது வருஷம் நின்னுதே!"

"அப்பவும் நான்தாங்கம்மா தீ போட்டேன்."

"அப்ப அப்பா பக்கத்துல நின்னாரு. இப்ப யாரு நிக்கிறா? சாரு உக்காந்து டைரி எழுதுறாரு." மூட்டைக்காரர்களில் ஒருவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. "ஐப்பசி முடியட்டும். நீங்க வேற எடம் பாத்துக்குங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "திருப்பூர்ல சாயப்பட்டறை பாய்லருக்குக் கூப்புட்டுக்கிட்டே இருக்காங்க. தீபாவளி கழிச்சு ஒரு வாரத்துல பதில் சொல்லுறேன்னு சொல்லிடுறேங்க," என்றார். திருப்பூர் என்றால் அவர் அங்கே தனியாக அறை எடுத்துத் தங்கவேண்டும், குடும்பம் இங்கே. அன்றைய மூன்று வரியில் அதையும் எழுதினேன்.

தொட்டியில் இருந்த நெல்லை உறவுக்காரர் ஆலைக்கு அனுப்பிவிட்டு, எண்பது வாங்கக் கிளம்பினேன். முன்பு வாங்கிய தஞ்சாவூர்க் கடையில் எண்பது இல்லை. நாகப்பட்டினத்தில் ஒரு பாய் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். உடைந்த கல் இரண்டை, ஆனியில் விழுந்த குவியலிலிருந்து ஒன்று, இப்போது விழுந்ததில் ஒன்று, மஞ்சள் பையில் போட்டுக்கொண்டேன்.

கடை துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்தது. ஐஸ் லாரிகள் சொட்டிக்கொண்டு போகும் தெரு. பாய்க்கு என் வயது இருக்கும். வளைகுடாவில் ஓர் அலுமினிய ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் உலைக்குக் கல் கட்டியவர். இப்போது பேக்கரி அடுப்புக்கும் பாய்லருக்கும் கல் விற்கிறார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"எண்பது இருக்கா பாய்?"

"இருக்கு. எதுக்கு?"

"உமி பாய்லர் அடுப்புக்கு."

"உமிக்கு எண்பதா! பணியாரம் சுடத் தங்கத்துல சட்டி கேக்குறீங்களே சார்."

"எழுபது நிக்கலையே."

"அதுக்கு முன்ன?"

"அறுபது. அதுவும் நிக்கல."

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "சார் என்ன வேலை பாத்தீங்க?"

"கெமிஸ்ட்ரி வாத்தியார்."

"அதான் பாத்தேன்," என்றார்.

புத்தகத்தில் நான் பார்த்தது ஒரே ஓர் அட்டவணை. எந்தக் கல் எந்த வெப்பத்தில் இளகும் என்பது. அதில் எண்பதுதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அதைச் சொன்னேன். அவர் மஞ்சள் பையைத் தன் பக்கம் இழுத்துப் பழைய கல்லை வெளியே எடுத்தார். அதன் தீப்பட்ட முகம் ஊறுகாய் ஜாடி போலப் பளபளத்தது. விரல் நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"இது நாப்பது. உங்க மாமனார் விவரமான ஆளு. உமிச் சாம்பல்ல பொட்டாஷ் இருக்குமா இல்லையா? வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"இருக்கும்."

"அது இந்தக் கல்லுல பட்டு, மேல லேசா உருகி, ஜாடிக்குப் பூசுன மாதிரி ஆயிருக்கு. அந்தப் பூச்சத் தாண்டி சாம்பல் உள்ள போகல. எழுபதுல, எண்பதுல அப்படிப் பூச்சு விழாது. பொட்டாஷ் உள்ள போவும், கல்லு வீங்கும், வெயில்ல காஞ்ச முதுகு மாதிரித் தோல் உரியும். இரும்பு உருக்குறவனுக்கு எண்பது குடுப்பேன். உமிக்காரருக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்ப நம்பர் ஏத்துனதுதான் தப்பா?"

"தப்புதான். ஆனா தோல் உரிய வருஷக்கணக்கு ஆகும். நாலு மாசத்துல மூணு தடவ விழாது." புதிய கல்லை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். குறுக்கே ஒரு விரிசல், கத்தி வைத்து வெட்டியதுபோல. உள்ளே வெளேரென்று இருந்தது. "சூடு அதிகமாயிப் போன கல்லு முனை மழுங்கும், மெழுகுவத்தி மாதிரி வழியும். இதுல முனை எல்லாம் அப்படியே இருக்கு. இது சடார்னு குளுந்து வெடிச்ச கல்லு. எப்பெப்ப விழுது?"

"நெல் அதிகமா வந்து, அடுப்பு நல்லா எரியுற சமயத்துல..."

"எவ்வளவு சூடுன்னு கேக்கல சார். எந்தத் தேதி, எந்தக் கெழமை, அதுக்கு மொத நாளு ரெண்டு நாளுல என்ன நடந்துச்சு. யாராச்சும் எழுதி வெச்சிருந்தாத் தேவலை."

"நான் எழுதி வெச்சிருக்கேன் பாய்."

"அப்பப் போயிப் படிங்க. படிச்சுட்டு ஃபோன் பண்ணுங்க. அது வரைக்கும் கல்லு கெடையாது."

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் பிரித்தேன். தேதிக்கு எனக்கு ஞாபகம் அதிகம் என்று ஊரில் பெயர். எந்த வருடம் எந்தக் கிழமையில் மேட்டூர் திறந்தார்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள். ஆனால் எழுதியதைத் திரும்பப் படிக்கிற வழக்கம் எனக்கு இல்லை என்பது அன்று தெரிந்தது.

ஆனியில் வளைவு விழுந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு: "அமாவாசை. அடுப்பு கழுவியாயிற்று. மாலை தீ." ஆவணியில் விழுந்த நாளுக்கு மூன்று நாள் முன்பு: "அமாவாசை. அடுப்பு கழுவியாயிற்று." புரட்டாசியில் விழுந்ததற்கு இரண்டு நாள் முன்பு மகாளய அமாவாசை. அன்றும் அதே வரி. என் கையெழுத்தில், என் மசியில்.

எங்கள் பக்கத்தில் அமாவாசையன்று ஆலை ஓடாது. முந்தின நாள் சாயங்காலம் அடுப்பை அணைப்பார்கள். மறுநாள் பூசை. அதற்கு அடுத்த நாள் பிரதமையில் எதையும் தொடங்கமாட்டார்கள் என்பதால் அமாவாசை மாலையே தீ மூட்டிவிடுவார்கள். மாமனார் காலத்தில் பாய்லர் அறைத் தரையை மட்டும் அலம்பி, அடுப்புக் கதவில் விபூதி குங்குமம் வைத்து, தேங்காய் உடைப்பார்களாம். நான் வந்த பிறகு அதைத் திருத்தமாகச் செய்ய நினைத்தேன். பூசை போடுகிற இடம் உள்ளும் புறமும் சுத்தமாக இருக்கவேண்டாமா? சாம்பலை முழுவதும் வாரச் சொல்லி, ரப்பர் ஹோஸைக் கதவு வழியாக உள்ளே விட்டு, சுவரும் வளைவும் பளிச்சென்று ஆகும்வரை நானே நின்று தண்ணீர் அடிக்கவைத்தேன். முந்தின நாள் மாலை அணைத்த அடுப்பு மறுநாள் காலை எப்படி ஆறியிருக்கும்? புகைபோல ஆவி வந்தது. அதைப் பார்க்க எனக்கு நன்றாகக்கூட இருந்தது. மாலையில், மறுநாள் வேலை தொடங்க நீராவி வேண்டும் என்று உமியைக் கொட்டி ஒரேயடியாக எரித்தோம்.

சூடான கண்ணாடிக் குழாயைக் குழாய்த் தண்ணீரில் காட்டாதே என்று முப்பது வருடம் வகுப்பில் கத்தியவன் நான்.

இன்னும் பின்னால் புரட்டினேன். வைகாசி அமாவாசை. மூன்று வரி: "அடுப்பு கழுவியாயிற்று. கல் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, ஆறட்டும் என்கிறார் பாய்லர்காரர். சோம்பல்."

அந்தக் கடைசிச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நாட்குறிப்பை ஆலைக்கு எடுத்துப்போனேன். மனைவியையும் பாய்லர்காரரையும் அடுப்புக்கு முன்னால் கூப்பிட்டு, நான்கு இடங்களையும் வாசித்தேன். 'சோம்பல்' வந்தபோது நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. வாசித்தேன்.

பாய்லர்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்பவே சொன்னேங்க சார். பல்லு ஆடுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. நீங்க 'சுருக்காத் தண்ணியப் புடிங்க'ன்னீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

என் மனைவி நோட்டைக் கையில் வாங்கித் தானே ஒருமுறை படித்தாள். "தினம் மூணு வரி எழுதுறீங்களே, என்னைக்காவது ஒரு வரியப் படிச்சுப் பாத்திருக்கலாமில்ல?" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "இவரு பண்ணுனதுக்கு உங்களப் பேசிட்டேன்."

அவர் அவசரப்படவில்லை. "இருக்கட்டுங்கம்மா. இது சார் நோட்டுல இருக்குறது. கல்லு நிக்கட்டும். நின்னாத்தான் நீங்களும் நம்புவீங்க, நானும் நம்புவேன். எல்லாரும் இருக்கப்ப சொன்ன பேச்சு. நோட்டுல படிச்சுப் போக்க முடியாதுங்க."

அவர் சொன்னது நியாயம். ஐப்பசி அமாவாசைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அது கழிந்து நாலு நாள் வளைவு நின்றால்தான் பேச்சு. அவர் திருப்பூருக்குப் பதில் சொல்லவேண்டிய கெடுவும் ஏறக்குறைய அதுவே.

பாய்க்கு ஃபோன் செய்தேன். கேட்டு முடித்தவுடன் சிரித்தார், இருமல் வரும்வரை. "அடுப்பக் குளிப்பாட்டுனீங்களா! சோப்பும் போட்டீங்களா சார்?" என்றார். பிறகு நாற்பது அனுப்பினார். சாதாரண நாற்பது அல்ல. நெருக்கமாக அழுத்திச் சுட்ட, கையில் எடுத்தால் கனக்கிற நாற்பது. பொட்டாஷ் நுழையச் சந்து இருக்கக்கூடாது என்பதற்காக. தீப்படும் முகத்துக்கு அது. அதன் பின்னால், தீயும் சாம்பலும் படாத இடத்தில், தக்கைபோல இலேசான வெண்கல், வெப்பம் வெளியே போகாமல் தடுக்க. இரண்டையும் இடம் மாற்றி வைத்தால் வெண்கல்லைச் சாம்பல் தின்றுவிடும் என்று இரண்டு முறை சொன்னார். சூடேறினால் கல் விரியும், விரிய இடம் இல்லாவிட்டால் ஒன்றையொன்று நெருக்கி உடைக்கும். ஆகவே சில அடிக்கு ஓர் இடத்தில் அட்டை வைத்துக் கட்டவேண்டும், அட்டை எரிந்து போய் இடைவெளி மட்டும் நிற்கும். எனக்குத் தெரியாதது இது. அறுபதையும் எழுபதையும் ஒரு மயிரிழை விடாமல் நெருக்கிக் கட்டச் சொல்லிப் பெருமைப்பட்டவன் நான்.

அட்டைக்கு நான் எங்கும் போகவில்லை. வருடா வருடம் தினசரி நாள்காட்டியின் தாள் கிழித்து முடிந்தபின் மிஞ்சும் அட்டைகளைப் பரணில் அடுக்கி வைத்திருந்தேன். முருகனும் லட்சுமியும் இருக்கும் அட்டைகளை என் மனைவி பொறுக்கித் திரும்ப வைத்துவிட்டாள். நகைக்கடை, உரக்கடை விளம்பரம் உள்ளவற்றை மட்டும் கொடுத்தாள். கொத்தனார் அவற்றை வெட்டி வெட்டிக் கல்லுக்கு நடுவே சொருகினார்.

கட்டியபின் இரண்டு நாள் சும்மா காய விட்டோம். அதன் பிறகு முதல் நாள் சிராய், இரண்டாம் நாள் விறகு, மூன்றாம் நாள் சாயங்காலம்தான் உமி. பாய்லர்காரர் ஸ்டூல் போட்டு அடுப்பு வாயில் உட்கார்ந்து ஒவ்வொரு குச்சியாகப் போட்டார்.

"பச்ச ஒடம்புக்காரிக்குக் கஞ்சி கூட இவ்வளவு மெதுவா யாரும் காய்ச்ச மாட்டாங்க," என்று என் மனைவி வாசலில் நின்று முணுமுணுத்தாள். வெளியே ஈர நெல் ஏற்றிய டிராக்டர் இரண்டு நின்றது. ஆனால் உமி போடு என்று அவள் சொல்லவில்லை.

அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவளுக்கு வேறொரு கவலை வந்தது. "தண்ணியே காட்டாம எப்படிப் பூசை போடுறது?"

"ஹோம குண்டத்தத் தண்ணி ஊத்திக் கழுவிட்டாம்மா ஹோமம் பண்ணுறாங்க?" என்றார் பாய்லர்காரர். "நெருப்பு இருக்குற எடம். அதவிட என்ன சுத்தம் வேணும்?"

அவள் யோசித்துவிட்டுச் சிரித்தாள். அன்று மத்தியானமே ஹோஸைச் சுருட்டி வீட்டுச் செம்பருத்திக்குக் கொண்டுபோய்விட்டாள்.

தீபாவளியை ஒட்டி வந்த அமாவாசை அது. உமி போடுவதை முந்தின நாளே நிறுத்தினோம். காற்றுக் கதவுகளை இறுக மூடினோம். அடுப்பு தானே தணிந்து, சாம்பலுக்கு அடியில் கங்கு கிடந்தது. பூசை கதவுக்கு வெளியே. தரையை மட்டும் அலம்பினார்கள். தேங்காய் நன்றாக உடைந்தது. மாலையில் கங்கின் மேலேயே சிராய் வைத்து ஊதினார். தீப்பெட்டி வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள், இதற்கு முன் இரண்டு முறை விழுந்த நாள், ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் காலை நானும் அவரும் பார்வைத் துளை வழியாக மாறி மாறிப் பார்த்தோம். வளைவு முழுதாக இருந்தது. சில கற்களின் முகத்தில் மெல்லிய பளபளப்பு விழ ஆரம்பித்திருந்தது, எண்ணெய் தடவினதுபோல.

"பூச்சு எறங்குது சார்," என்றார். "ஒண்ணுகூட அசையல."

என் மனைவியும் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு நேரே களத்துக்குப் போய் மூட்டைக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் இவரத்தான் சொன்னேன்," என்றாள். "இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் சொல்லுறேன். தப்பு இவர் மேல இல்ல. எங்க வீட்டுக்காரர் மேல."

அன்று சிரித்த அதே மூட்டைக்காரர் மறுபடி சிரித்தார். இந்த முறை எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். நானும்தான். பாய்லர்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு ஃபோனை எடுத்து, தீ இரைச்சலுக்குக் கதவோரம் தள்ளி நின்று, உரக்கப் பேசினார். "இல்லைங்க... வரலைங்க... இங்கேயே இருந்துக்குறேன். ஆமாங்க, அடுப்பு நல்லாயிருக்கு."

நாட்குறிப்பில் எதையும் அடிக்கிற வழக்கம் எனக்கு இல்லை. அன்று சாயங்காலம் வைகாசிப் பக்கத்தைத் திறந்து, 'சோம்பல்' என்பதற்கு எதிரே ஓரத்தில் ஐப்பசித் தேதி போட்டு, "அவர் சொன்னது சரி. வளைவு நிற்கிறது" என்று எழுதினேன். அந்தப் பக்கத்தில் இப்போது நான்கு வரி இருக்கிறது.